விலைக்குக் கொடுத்த பிள்ளை

காலையிலிருந்து மதியத்துக்குள் லுவா மூன்று சட்டைப் பாக்கெட்டுகளைத் தலைகீழாகத் தைத்துவிட்டாள். ஒன்பது வருஷமாகப் பாக்கெட் மட்டுமே தைக்கிறவள், கண்ணைக் கட்டிவிட்டாலும் தைப்பாள். அன்றைக்குக் கை ஒருபக்கம், மனசு ஒருபக்கம். மேஸ்திரி அந்தச் சட்டையைத் தூக்கிக் காட்டி வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"ஏம்மா லுவா, இதப் போட்டுக்கப் போறவன் தலைகீழா நடக்கிறவனா? காசு போட்டா கொட்டிடுமே!"

எல்லோரும் சிரித்தார்கள். லுவாவும் சிரித்து வைத்தாள். வைத்தாளே தவிர, சிரிப்பு வரவில்லை. எட்டாம் மாதப் பௌர்ணமி, பிள்ளைகளின் நிலாப் பண்டிகை. சாயங்காலம் ஊரெல்லாம் பிள்ளைகள் நட்சத்திர விளக்கைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கப் போகிறார்கள். அவளுக்கோ விளக்கும் நினைவில் இல்லை, நிலா கேக்கும் நினைவில் இல்லை. இன்றைக்குச் சாயங்காலம் அவள் தன் பிள்ளையைத் திருப்பி வாங்கப் போகிறாள். நாலு வருஷம் காத்திருந்தாயிற்று. ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்களே, அந்தக் கதைதான். கடைசி ஆறு மணி நேரம்தான் அவளை வறுத்து எடுத்தது.

விஷயம் இதுதான். மூத்தவள் போங்குக்கு இப்போது எட்டு வயது. அவளுக்குப் பிறகு ஒரு பையன் பிறந்தான். நாலு மாதம் இருந்தான். இதே மாதிரி வெயில் தணிந்து வாடைக்காற்று தொடங்குகிற நாளில் நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தான். அதற்கப்புறம் குன் பிறந்தபோது லுவாவுக்கு அவனைத் தொடவே பயம். குன் என்றால் நாய்க்குட்டி. நல்ல பெயர் வைத்தால் கண் படும் என்று வைத்த பெயர். அதுவும் போதாதென்று ஜோசியரிடம் போனார்கள். ஜோசியர் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, லுவாவையும் ஒரு பார்வை பார்த்தார்.

"உன் மடியில ஆம்பளப் புள்ள தங்காது. வேற யாருக்காச்சும் விலைக்குக் குடுத்துடு. அஞ்சாவது வருஷம் எட்டாம் மாசப் பௌர்ணமி நிலா கிளம்பற வரைக்கும் அவன் உன்ன அம்மான்னு கூப்பிடக்கூடாது. நீயும் அவன் அம்மான்னு வாயால சொல்லிக்கக்கூடாது. சொன்னா, புள்ளையத் தேடிட்டிருக்கற பேய் வழி கண்டுபிடிச்சு வந்துடும்."

யாருக்குக் கொடுப்பது? வேறு யார், ஒரே முற்றத்தில் எதிர்வீட்டில் இருக்கும் மியென்தான். லுவாவின் கணவன் தொவானுக்கு அண்ணி. சோயாவை அரைத்து டோஃபு போட்டு விற்கிறவள். எருமைக்கன்றுகள் மாதிரி நாலு பையன்களைப் பெற்று, ஒருவனுக்கும் ஒரு தும்மல் வராமல் வளர்த்தவள். பிள்ளைக்கு ஒரு மாதம் நிறைந்த அன்று, மியென் தன் வீட்டு வாசலில் நின்று லுவாவின் கையில் ஒற்றை நோட்டை வைத்துப் பிள்ளையை வாங்கினாள். வாங்கிவிட்டு, கேட்க வேண்டியவர்களுக்கெல்லாம் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னாள்: "இனிமே இவன் என் புள்ள! எங்க வீட்டுல படுக்க எடமில்ல. லுவா, நீ உன் வீட்டுல வச்சு வளத்துக் குடு!" அப்படியே பிள்ளையைத் திருப்பி லுவாவின் கையில் கொடுத்தாள்.

ஆக, பாலூட்டியது லுவா. குளிப்பாட்டியது லுவா. ராத்திரி அவன் கால் அவள் வயிற்றின் மேல். பொழுது விடிந்தால் அவன் எழுந்து முற்றத்துக்கு ஓடி, எதிர்வீட்டைப் பார்த்து, "அம்மா! இன்னிக்கு டோஃபு சூடா இருக்கா?" என்று மியெனிடம் கேட்பான். லுவாவிடம் திரும்பி, "சித்தி, செருப்பக் காணோம்" என்பான். தொவானைச் சித்தப்பா என்பான். தொவானுக்கு அது வேடிக்கை. "டேய் மவனே, சித்தப்பாவுக்கு ஒரு முத்தம் குடுடா" என்று சிரிப்பான். அவனால் சிரிக்க முடிந்தது. லுவா ஒவ்வொரு காலையும் அந்த 'அம்மா'வைக் கேட்டுக்கொண்டே அடுப்படியில் நின்று அரிசி களைந்தாள். பொறாமை என்று ஒத்துக்கொள்ள வெட்கம். ஆனால் பொறாமைதான்.

இரண்டு மணிக்கு தொவான் கூப்பிட்டான். பின்னால் ஏதோ இன்ஜின் இரைந்தது. கடலில் புயல் கிளம்பியிருப்பதாகக் காலையிலிருந்தே செய்தி. தண்ணீர்ப் பம்பு பழுது பார்க்கிறவன் அவன், மாவட்டம் முழுக்க அன்றைக்குத்தான் எல்லோருக்கும் பம்பு ஞாபகம் வந்தது.

"லுவா! நான் வயலுக்குள்ள மாட்டிக்கிட்டேன்! குன்ன நீயே பள்ளிக்கூடத்துலேந்து கூட்டிட்டு வந்துடு!"

"நானா? எனக்கு அங்க யாரையும் தெரியாதே."

"புள்ளைய உனக்குத் தெரியுமில்ல? போ!"

கால் தரையில் பாவவில்லை அவளுக்கு. மேஸ்திரியிடம் கெஞ்சி மூன்று மணிக்கே வெளியே போகச் சீட்டு வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தாள். வழியில் போங்கை அவள் பள்ளியிலிருந்து ஏற்றிக்கொண்டாள். குன் பாலர் பள்ளியில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. ஃபாக்டரி விட்டால் ஏழு மணி என்பதால் லுவா ஒருநாளும் அங்கே போனதில்லை. தொவான் போவான், இல்லையென்றால் மியென் போவாள். இன்றைக்கு முதல் தடவையாக மற்ற தாய்மார்களோடு தானும் வாசலில் நின்று காத்திருக்கப் போகிறோம் என்பதே அவளுக்கு ஒரு பண்டிகை. வழியெல்லாம் பாலைப்பூ மணம் மூக்கைத் துளைத்தது. வழக்கமாகத் தலைவலி வருகிற மணம், அன்றைக்கு அதுகூட நன்றாக இருந்தது.

பள்ளி வாசலில் கூட்டம். உள்ளே பறையடித்துக்கொண்டு, அட்டைச் சிங்க முகத்தை மாட்டிக்கொண்டு குழந்தைகள் குதித்தன. வாசற்கதவுக்குக் குறுக்கே இளம் டீச்சர் ஒருத்தி நோட்டும் பேனாவுமாக நின்றிருந்தாள். பெயர் ட்ராங். வழக்கமான டீச்சர் பிரசவத்துக்குப் போயிருந்ததால் நாலு நாள் முன்புதான் வந்து சேர்ந்தவள். பக்கத்து மாவட்டத்தில் யாரோ ஒருத்தி, "நான் இந்தப் புள்ளையோட அத்தை" என்று சொல்லிக் குழந்தையைத் தூக்கப் பார்த்தாளாம். அந்த வீடியோ ஒரு வாரமாக எல்லோருடைய ஃபோனிலும் ஓடிக்கொண்டிருந்தது. மெய்யோ பொய்யோ, டீச்சர் இரண்டு ராத்திரி தூங்கவில்லை என்பது அவள் கண்ணிலேயே தெரிந்தது.

"யாரக் கூப்பிட வந்தீங்க?"

"குன். நாலு வயசு வகுப்பு."

டீச்சர் உள்ளே குரல் கொடுத்தாள். குன் ஓடி வந்தான். சிங்க முகம் உச்சந்தலைக்கு ஏறியிருந்தது, கன்னமெல்லாம் சிவப்புச் சாயம். லுவாவைப் பார்த்ததும் சிரித்தான்.

"குன், யாருடா வந்திருக்காங்க?"

"சித்தி!"

"அம்மா எங்க?"

"அம்மா வீட்டுல. டோஃபு வித்துட்டிருக்காங்க."

டீச்சரின் கை தானாகக் கதவின் மேல் போயிற்று. நோட்டைப் புரட்டினாள். "இங்க அப்பா பேரு தொவான்னு இருக்கு. அம்மா பேரு மியென். ஃபோன் நம்பரும் அவங்களோடதுதான். நீங்க?"

லுவாவுக்குப் பகீரென்றது. பேப்பரிலுமா? தொவானுக்குத்தான் எல்லாம் சிரிப்பாயிற்றே! வெளியே சொல்லக்கூடாது என்றால் எழுதவும் கூடாது என்று அவனாக முடிவு பண்ணி, சேர்க்கிற தாளில் தாய் என்ற கட்டத்தில் அண்ணியின் பெயரை எழுதிவிட்டு வந்திருக்கிறான். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"என் பேரு லுவா. நான்தான் அவன வளக்கறேன்."

"வளக்கறீங்கன்னா?"

"எங்க வீட்டுலதான் இருக்கான். என்கூடத்தான் தூங்குவான். முதுகுல இடது பக்கம் ஒரு மச்சம் இருக்கு, வேணும்னா பாருங்க. கீரைய வாயில வச்சுக்கிட்டே இருப்பான், முழுங்க மாட்டான்..."

"மச்சம், கீரையெல்லாம் நான் கேக்கல. நீங்க அவனுக்கு யாரு?"

லுவா தொவானைக் கூப்பிட்டுப் பார்த்தாள். மணி அடித்தது, அடித்தது, எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் நெருக்க ஆரம்பித்தார்கள். அவர்களில் சந்தையில் பன்றிக்கறி விற்கும் பருத்த பெண் ஒருத்தி, பேரம் பேசுகிற குரலிலேயே குறுக்கே புகுந்தாள்.

"ஐயோ டீச்சர், பட்டணத்துப் பொண்ணு உனக்கு இதெல்லாம் தெரியாது. அது விலைக்குக் குடுத்த புள்ளையா இருக்கும். பெத்தவ சித்தி, வாங்கினவ அம்மா. எங்க அண்ணன் இருபது வயசு வரைக்கும் எங்கம்மாவ அத்தைன்னுதான் கூப்பிட்டான்!"

டீச்சரின் முகம் கொஞ்சம் இளகியது. "அப்படியா? அப்ப நீங்கதான் பெத்தவங்களா? அதச் சொல்லிட்டுப் போகவேண்டியதுதானே! நான்தான் அவனோட அம்மான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. பக்கத்துல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. கூட்டிட்டுப் போங்க."

"எழுதி மட்டும் குடுக்கறேனே?" என்றாள் லுவா மெதுவாக.

"பேய்க்குப் படிக்கத் தெரியாதுன்னு பாக்கறா!" என்றாள் கறிக்காரி. வாசலே சிரித்தது.

"எழுதினாப் போதாதுங்க, புள்ளை முன்னால வாய்விட்டுச் சொல்லணும். அவனும் ஆமான்னு சொல்லணும். மேலிடத்து உத்தரவு," என்றாள் டீச்சர். உத்தரவோ என்னவோ, பயம்தான் பேசியது.

லுவா வாயைத் திறந்தாள். நாலு வருஷமாக நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு திரிந்த வார்த்தை, கேட்கிறார்கள், சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள். அவளுக்கும் அந்த வார்த்தைக்கும் நடுவில் இருந்தது ஒரு சூரியன். அது இன்னும் பள்ளிக்கூரைக்கு மேலே நின்றது. நிலா வர இரண்டரை மணி நேரம். நாலு வருஷம் கட்டிக் காத்துவிட்டு, இரண்டரை மணி நேரத்தில் வெண்ணெய் திரளும்போது தாழியை உடைப்பதா? நாளைக்கு அவனுக்கு ஓர் இருமல் வந்தால் அப்புறம் யாரைக் கேட்பது? கண்முன்னால் அந்த நாலு மாதப் பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்கியது.

"இல்லங்க," என்றாள். "நான் சித்திதான்."

"பொய்!" போங் வீறிட்டாள். "டீச்சர், பொய் சொல்றாங்க! இவங்க எங்க அம்மா! அவன் என் தம்பி! நான் பாத்தேன், இவங்க வயித்துலேந்துதான் வந்தான்!"

லுவாவின் கை முந்திக்கொண்டது. போங்கின் புஜத்தைப் பிடித்துக் கிள்ளிவிட்டாள், நன்றாக வலிக்கும்படி. போங் அழவில்லை, முதலில் வாயைப் பிளந்து அம்மாவைப் பார்த்தாள். அப்புறம்தான் அழுதாள். டீச்சர் குன்னை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டு நோட்டில் இருந்த நம்பருக்கு ஃபோன் போட்டாள். குன் டீச்சரின் இடுப்புக்குப் பக்கத்திலிருந்து தலையை நீட்டி லுவாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மியென் வர இருபது நிமிஷம் ஆயிற்று. ஈர ஏப்ரனோடு, காலில் ரப்பர் பூட்ஸோடு வண்டியில் வந்து இறங்கினாள். குன் "அம்மா!" என்று பாய்ந்து போய் ஏப்ரனைக் கட்டிக்கொண்டான். டீச்சர் கையெழுத்து வாங்கினாள். வாங்கிவிட்டு லுவாவிடம் சொன்னாள், கோபமாக இல்லை, அலுத்துப்போய்: "பெரியவங்களே ஒண்ணு ஆமான்னு சொல்லுங்க, இல்ல இல்லன்னு சொல்லுங்க. சின்னப் புள்ளைங்க எதத்தான் நம்பும்?"

"விடும்மா," என்றாள் மியென். "இன்னிக்கு ராத்திரியோட சரி. நாளைலேந்து அவதான் வருவா. அப்ப பாரு, அவள விட்டு நீ புள்ளையப் பிரிக்கவே முடியாது."

குன் மியெனின் வண்டியில் முன்னால் நின்றுகொண்டு போனான். லுவா பின்னால் ஓட்டினாள். முதுகில் போங்கின் விசும்பல் சூடாகப் பட்டது. நெல்வயலைத் தாண்டியதும் லுவா கேட்டாள்.

"வலிக்குதாடி?"

"வலிக்கல."

"அம்மா தெரியாமக் கிள்ளிட்டேன்."

"தெரிஞ்சுதான் கிள்ளின." கொஞ்ச தூரம் போனார்கள். "நான் தினமும் உன்ன அம்மா அம்மான்னு கூப்பிடறேன். எனக்கு ஒண்ணும் ஆகல. அது உனக்குப் பத்தாதா?"

வண்டியை நிறுத்தி ஏதாவது சொல்ல வேண்டும் என்று லுவாவுக்குத் தோன்றியது. நேரமாகிறது என்றும் தோன்றியது. நிறுத்தாமலே ஒரு கையைப் பின்னால் விட்டுப் பெண்ணின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். போங் தட்டிவிடவில்லை.

இருட்டத் தொடங்கியபோது முற்றத்தில் தட்டு தயாராகிவிட்டது. நடுவில் பம்பளிமாஸ் மாதிரிப் பெரிய பொமேலோ, சுற்றிலும் சீமைப்பனிச்சைப் பழம், தாமரையிலையில் பச்சை அவல், நிலா கேக்கு. மியெனின் நாலு பையன்களும் இடுப்பில் துணி கட்டிக்கொண்டு தகரத்தை அடித்து முற்றத்தையே அதிரவைத்தார்கள். தொவான் சேற்றோடு வந்து சேர்ந்தான். மேலே பார்த்தால் ஒரே மேகம். லுவா பத்துத் தடவை வாசலுக்கும் முற்றத்துக்கும் நடந்தாள்.

"நிலா வந்துச்சான்னு எப்படித் தெரியும்? வராம வாங்கினாச் செல்லுமா?"

"நாள்காட்டியில ஆறு மணி சொச்சம்னு போட்டிருக்கு. மேகம் மறைச்சா நிலா லீவு போட்டுச்சுன்னு அர்த்தமா?" என்றான் தொவான்.

"நீங்க பேசாதீங்க! நாளைக்குக் காலையில மொத வேலையா அந்தத் தாள மாத்தி எழுதிட்டு வரீங்க. என் பேர, என் முழுப்பேர எழுதறீங்க. கேட்டுதா?"

அவன் சிரிக்க வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "எழுதறேன்" என்றான்.

இன்னும் கால்மணி நேரம் காத்திருந்தார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று. அப்புறம் மியென் ஏப்ரனைக் கழற்றி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, தன் வாசலில் வந்து நின்றாள். லுவா ஒரு பிடி அரிசியும் உப்பும் ஒற்றை நோட்டும் அவள் கையில் வைத்தாள். அவசரத்தில் அரிசி கொஞ்சம் சிந்தியது.

"அக்கா, எங்க வீட்டுப் புள்ளையத் திருப்பி வாங்கிக்கறேன்."

"குடுத்தேன்," என்றாள் மியென் உரக்க. "குடுத்தேன்." மூன்றாவது 'குடுத்தேன்' பக்கத்தில் நின்றவர்களுக்குத்தான் கேட்டது. குன்னின் தோளைப் பிடித்து மெல்லத் தள்ளினாள். "போடா. உங்கம்மாகிட்ட போ."

குன் நடுவில் நின்றான். முற்றம் முழுக்க அவனையே பார்த்தது. பெரியப்பா மகன்கள் தகரத்தை நிறுத்திவிட்டார்கள்.

"கூப்பிடுடா!"

"அம்மான்னு சொல்லு, பெரிய கேக்கு உனக்கு!"

"வெக்கத்தப் பாரு!"

லுவா குனிந்து இரண்டு கையையும் நீட்டினாள். அவன் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டான். உதடு வெளுத்துப்போகிற அளவுக்குக் கடித்துக்கொண்டான். அப்புறம் சட்டென்று திரும்பி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்புறம் ஓடிப்போனான். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கக்கூடிய விஷயம்தான், மற்றவர்களுக்கு. லுவா நீட்டிய கையோடு நின்றாள்.

"சின்னப் புள்ள, போகப் போகக் கூப்பிடுவான்," என்றான் தொவான்.

"நாலு வருஷம் போயாச்சு! இன்னும் எங்க போறது?" என்றாள் லுவா. "எனக்கு அவன் வேணும். சித்தின்னு கூப்பிடவா நான் அவனப் பெத்தேன்?" கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளும் பின்பக்கம் போனாள்.

டோஃபு போடும் கொட்டகையில் சோயா ஊறும் டிரம்களுக்கு நடுவே அவன் குந்தியிருந்தான். லுவா கிட்டே போகாமல் தள்ளியே உட்கார்ந்தாள்.

"வா வெளிய. யாரும் உன்னக் கூப்பிடச் சொல்ல மாட்டாங்க. சித்தின்னே கூப்பிடு. எனக்குக் கோவமில்ல."

"நெசமா?"

"நெசமா." பொய்தான். ஆனாலும் சொன்னாள்.

அவன் டிரம்மைத் தட்டினான். "கூப்பிட்டா நான் செத்துப்போயிடுவேன்."

"யாரு சொன்னது?"

"போங் அக்கா. எனக்கு முன்னால ஒரு பாப்பா இருந்துச்சாம். அது உன்ன அம்மான்னு கூப்பிட்டுச்சாம். அதான் செத்துப்போச்சாம். நீதான் அம்மான்னு எனக்குத் தெரியும். ஆனா யாருகிட்டயும் சொல்லல."

லுவா அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "எப்பலேந்துடா தெரியும்?"

"ரொம்ப நாளா. நான் சின்னப் புள்ளையா இருக்கறப்பவே."

அப்படியானால் பள்ளி வாசலில் டீச்சருக்குப் பின்னாலிருந்து பார்த்தானே, அப்போதும் தெரிந்துகொண்டுதான் பார்த்திருக்கிறான். தெரிந்தே "சித்தி" என்றிருக்கிறான். அவள் இல்லை என்றதையும் தெரிந்தேதான் கேட்டிருக்கிறான். அவன் கூப்பிடவில்லையே என்று அவள் ஏங்கிக்கொண்டிருக்க, நாலு வயசில் அவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தையைக் காவல் காத்திருக்கிறான். யார் சொல்லிக் கொடுத்த பயம் இது? போங்கைக் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்? போங் வீட்டில் கேட்டதைத்தானே சொன்னாள்.

"குன், இங்க பாரு. அந்தப் பாப்பா கூப்பிடல. அவனுக்குப் பேசத் தெரியாது. நாலு மாசக் கொழந்த."

"ஒரு தடவகூடக் கூப்பிடலயா?"

"ஒரு தடவகூட இல்ல."

அவன் யோசித்தான். புருவம் சுருங்கியது. "அப்புறம் ஏன் செத்தான்?"

இந்தக் கேள்விக்கு ஊரில் எத்தனையோ பதில் இருந்தது. ஜோசியரிடம் ஒன்று, டாக்டரிடம் ஒன்று, அக்கம்பக்கத்தில் பத்து. லுவாவிடம் மட்டும் ஒரே பதில்தான் இருந்தது, அதை ஆறு வருஷமாக யாரிடமும் சொல்லாமல் நெஞ்சுக்குள் வைத்திருந்தாள்: என் மடி ஆகாத மடி.

"தெரியலடா," என்றாள். "சளி புடிச்சுது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். செத்துப்போயிட்டான். ஏன்னு எனக்குத் தெரியல."

"உன்னாலயா?"

குழந்தை கேட்டது. வேறு யாரும் முகத்துக்கு நேரே கேட்டதில்லை.

"இல்ல," என்றாள் லுவா. சொன்ன பிறகுதான் அது நிஜம் என்று அவளுக்கே பட்டது. இன்னொரு தடவை சொன்னாள். "இல்லடா. என்னால இல்ல."

"என்னாலயும் இல்ல?"

"ஐயோ, உன்னாலயும் இல்ல! நீ பொறக்கவே இல்லையே அப்ப!"

அவன் தலையாட்டினான். எழுந்து, பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு, அவள் தோளைப் பிடித்துத் தாண்டி விளையாடப் போய்விட்டான். அவள் சோயா மணத்தில் உட்கார்ந்து தாராளமாக அழுதாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு முற்றத்துக்கு வந்தபோது தட்டைப் பிரித்துத் தின்ன ஆரம்பித்துவிட்டார்கள். போங்கைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திக்கொண்டாள். கிள்ளிய இடம் சிவந்திருந்தது. அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டே பொமேலோச் சுளையை உரித்து ஒவ்வொன்றாக அவள் வாயில் வைத்தாள். பையன்கள் தெருவுக்கும் முற்றத்துக்குமாக விளக்கோடு ஓடினார்கள். தகரச் சத்தத்தில் பேசுவது கேட்கவில்லை. மியென் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு அடுக்களைக்குள் போயிருந்தாள்.

"அம்மா!"

தெருமுனையிலிருந்து குன்னின் குரல்.

"என்னடா கண்ணு?" அடுக்களையிலிருந்து மியெனின் பதில் உடனே வந்தது. நாலு வருஷப் பழக்கம், குரல் கேட்டதும் வாய் பேசிவிட்டது. ஈரக்கையோடு வாசற்படிக்கே வந்துவிட்டாள். வந்து நின்றவள் முற்றத்தில் எல்லோரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தாள். சிரித்தாள்.

"அவன் என்னைக் கூப்பிடல," என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பிப் போனாள். உள்ளே பாத்திரச் சத்தம் வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

லுவா சுளையைக் கையில் பிடித்தபடி அந்தக் காலி வாசற்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு வலிக்கும் என்று அவள் ஒருநாள்கூட நினைத்ததில்லை. பதில் சொல்லவேண்டியது தான்தான் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. அந்தக் குரல் கூப்பிட்டு அந்த வார்த்தைக்குப் பதில் சொல்லி அவளுக்குப் பழக்கமே இல்லையே.

"அம்மா, உன்னத்தான்!" என்று போங் முழங்கையால் இடித்தாள்.

குன் ஓடி வந்து அவள் முன்னால் நின்றான். கோபம் கோபமாக வந்தது அவனுக்கு. இரண்டு முழங்காலையும் ஒட்டி இறுக்கிக்கொண்டு குதித்தான்.

"கூப்பிட்டா வர மாட்டியா? எவ்ளோ நேரம் கூப்பிடறது? அம்மா, ஒண்ணுக்கு வருது!"

"வரேன்டா, வரேன், வரேன்," என்று லுவா அவனை வாரித் தூக்கிக்கொண்டு ஓடினாள். பாதி வழியிலேயே அவள் சட்டை நனைந்துவிட்டது.